கண்டு எத்தினையாம் மாசத்தில விழுந்தது? வெட் பிள்ளைகள் அதில இருந்து படிக்கத் தொடங்குங்கோ

பேராதனையில வெட் (மிருக வைத்தியம்) செய்யிற எங்கட பிள்ளைகள் லீவுக்கு கொழும்புக்கு வந்தா கனபேர் என்னட்ட கேக்கிறது ஒரே கேள்விதான். அக்கா, இந்த தொற்றுநோயும் ரீப்ரொடக்ஷனும் (இனப்பெருக்கமும்) ஒண்டா சேர்ந்து வாற பகுதியை எப்பிடி படிக்கிறது, கிருமியளின்ட பேர் எல்லாம் குழம்புது, நோட்ஸ் வாசிக்கேக்க விளங்குது, பேப்பரில கேஸ் ஒண்டு தந்தா கை ஓடுதில்ல. நான் இப்ப வெள்ளவத்தை பக்கம் ஒரு கிளினிக்ல வேலை செய்யிறன், ஜூனியர்மாருக்கு ஒன்லைன்ல குப்பி கிளாஸும் எடுக்கிறன், அங்க திரும்பத் திரும்ப சொல்லுறதை இஞ்ச ஒரே இடத்தில எழுதி வைக்கிறன்.

முதல் விஷயம், கிருமியின்ட பேரை தலைப்பா போட்டு படிக்கிறதை விடுங்கோ. பாடப்புத்தகம் பக்டீரியா, வைரஸ், ப்ரொட்டோசோவா எண்டுதான் பிரிச்சு வச்சிருக்கும், ஆனா பண்ணைக்காரர் வந்து உங்களிட்ட "என்ட மாட்டுக்கு ப்ருசெல்லா வந்திட்டுது" எண்டு சொல்ல மாட்டார், "கண்டுத்தாச்சி மாடு, ஏழு மாசம், நேற்று இரவு கண்டு விழுந்திட்டுது, இளங்கொடி இன்னும் வரேல்ல" எண்டுதான் சொல்லுவார். வைவாவில (வாய்மொழிப் பரீட்சையில) சேர் மேடம்மார் கேக்கிறதும் அப்பிடித்தான். அதால ஒரு பெரிய தாளை எடுத்து மாட்டின்ட சினைக்காலம் ஏறக்குறைய 283 நாளையும் ஒரு நீட்டுக்கோடா கீறுங்கோ, அந்தக் கோட்டில எந்த நோய் எந்த இடத்தில கருவை அழிக்குது எண்டு குறியுங்கோ. நான் கேம்பஸ்ல இப்பிடி ஒரு தாள் செய்து சுவரில ஒட்டினதுக்கு பிறகுதான் இந்தப் பாடம் எனக்கு பிடிக்கவே தொடங்கினது.

கோட்டின்ட தொடக்கத்தில வாறது ட்ரைக்கோமோனாஸ் எண்ட ப்ரொட்டோசோவாவும் கம்பைலோபக்டர் வெனேரியாலிஸ் எண்ட பக்டீரியாவும், ரெண்டும் நாம்பனில இருந்து பொலியேக்க பரவுறது. இதில கருச்சிதைவு எண்டு கண்ணுக்கு ஒண்டும் பெரும்பாலும் தெரியாது, கரு சின்னனிலயே செத்துப் போகும், மாடு 21 நாளில வரவேண்டிய ஹீட்டுக்கு (சினைப்பருவத்துக்கு) வராம நாள் தள்ளி ஒழுங்கில்லாம திரும்ப வரும். பண்ணைக்காரர் "சினை நிக்குதில்ல" எண்டு சொன்னா நீங்க மலட்டுத்தன்மை எண்டு மட்டும் யோசிக்காம நாம்பனைப் பற்றியும் கேக்கோணும், அயல்ல இருக்கிற எல்லாருக்கும் ஒரே நாம்பனா, இல்லாட்டி செயற்கை முறை சினைப்படுத்தலா எண்டு. செயற்கை முறைதான் எண்டா, விந்து தரமான நிலையத்தில இருந்து வந்திருந்தா, இந்த ரெண்டும் லிஸ்ட்டில கீழ போகும். இந்த ஒரு கேள்விக்கே வைவாவில மாக்ஸ் இருக்கு.

நடுவில நியோஸ்போரா எண்ட ப்ரொட்டோசோவா, கூடுதலா ஐஞ்சு ஆறு மாசத்தில. இதுக்கு நாய்தான் முக்கிய ஹோஸ்ட் (கிருமி தங்கி வளருற மிருகம்), 1988ல தான் இதை தனி இனமா விவரிச்சாங்க, அதுக்கு முதல் டொக்ஸோபிளாஸ்மா எண்டு நினைச்சு விட்டிருக்கிறாங்க. பண்ணையில நாய் நிக்குதா, விழுந்த இளங்கொடியை நாய் தின்னுதா எண்டு கேக்கிறது இதுக்காகத்தான். தாயில இருந்து கண்டுக்கு கருவிலயே போறதால ஒரே பரம்பரையில திரும்பத் திரும்ப வரும், அதையும் கேளுங்கோ. ஐஞ்சு மாசத்துக்கு பிறகு ப்ருசெல்லா பக்டீரியா, கடைசி மூண்டு மாசத்தில லெப்டோ (எலிக்காய்ச்சல் கிருமி), ஐபிஆர் எண்ட மாட்டு ஹெர்பிஸ் வைரஸ் நாலு மாசத்துக்கு பிறகு எப்பவும் வரலாம். பிவிடி (மாட்டு வயித்தோட்ட) வைரஸுக்கு மட்டும் தனி நிறத்தில குறியுங்கோ, ஏனெண்டா அது எப்ப தொத்தினது எண்டதிலதான் முழுக்கதையும் இருக்கு. ஏறக்குறைய 40ம் நாளுக்கும் 125ம் நாளுக்கும் இடையில தொத்தினா கரு சாகாம தப்பலாம், ஆனா அந்த வைரஸை தன்ட உடம்பின்ட பகுதி எண்டே கருவின்ட நோயெதிர்ப்பு எடுத்துக்கொள்ளும், பிறக்கிற கண்டு வாழ்நாள் முழுக்க வைரஸை கொட்டிக்கொண்டே இருக்கும், ஆன்டிபொடி (கிருமிக்கு எதிரா உடம்பு செய்யிறது) பாத்தா நெகட்டிவ், அன்டிஜென் (கிருமியின்ட பகுதி) பாத்தா பொசிட்டிவ். எந்த டெஸ்ட்டை ஏன் செய்யோணும் எண்டு விளங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ப்ருசெல்லாவுக்கு கூட நேரம் குடுங்கோ, அது மனுசருக்கும் வாறது, பேப்பரிலயும் அடிக்கடி வாறது. டேவிட் ப்ரூஸ் 1887ல மால்ட்டாவில செத்துப்போன சிப்பாய்மாரின்ட மண்ணீரலில இருந்து கிருமியை பிரிச்செடுத்தார், 1905ல ஸம்மிட் எண்ட மால்ட்டா வைத்தியர் அது ஆட்டில இருந்து, ஆட்டுப்பாலால வருது எண்டு கண்டுபிடிச்சார், இடையில 1897ல டென்மார்க்கில பேங், மாட்டின்ட கருச்சிதைவுக் கிருமியை கண்டார். இந்த மூண்டையும் சேர்த்து வாசிச்சா ஆட்டுக்கு மெலிடென்ஸிஸ், மாட்டுக்கு அபோர்ட்டஸ் எண்டு தானா மனசில நிக்கும். ஏன் இளங்கொடியிலயே போய் பெருகுது எண்டு கேட்டா, மாடு ஆடு பன்றியின்ட இளங்கொடியில எரித்ரிட்டோல் கூட இருக்கு, கிருமி அதை விரும்பி எடுக்குது, மனுச இளங்கொடியில அது இல்ல எண்டதுதான் பாடப்புத்தக விளக்கம், அதை எழுதுங்கோ.

டெஸ்ட் பகுதியில எல்லாரும் பேரை பாடமாக்கிறாங்க, வேலை செய்யிற விதத்தை விட்டிடுறாங்க. ரத்தத்தில ப்ருசெல்லா ஆன்டிபொடி இருக்கா எண்டு பாக்கிற ரோஸ் பெங்கால் டெஸ்ட்டின்ட அன்டிஜென் 3.65 பிஎச்ல அமிலமா இருக்கிறது தேவையில்லாத ஐஜிஎம் (ஆன்டிபொடியில ஒரு வகை) ஒட்டுறதை குறைக்கத்தான், நாலு நிமிஷத்தில வாசிக்கோணும், கூட நேரம் விட்டா ஓரம் காய்ஞ்சு பொய்யா பொசிட்டிவ் மாதிரி தெரியும். யெர்ஸினியா என்டெரோகொலிட்டிக்கா ஓ9 எண்ட வேற பக்டீரியா தொத்தின மாட்டிலயும் பொசிட்டிவ் வரும், ரெண்டு கிருமியிலயும் வெளிச்சுவரில இருக்கிற ஓ சங்கிலி (சீனிச் சங்கிலி) ஏறக்குறைய ஒண்டு. பட்டி முழுக்க ஒரேயடியா பாக்க பாலில செய்யிற மில்க் ரிங் டெஸ்ட் இருக்கு, ஆனா மடியழற்சிப் பாலும் சீம்பாலும் அதை குழப்பும். ப்ருசெல்லாவுக்கு ரெண்டு வக்சீன், எஸ்19 போட்ட மாடு ரோஸ் பெங்காலில பொசிட்டிவ் காட்டலாம், ஆர்பி51ல அந்த ஓ சங்கிலி இல்லாதபடியா காட்டாது. இதே காரணத்தாலதான் நாயில வாற ப்ருசெல்லா கேனிஸை மாட்டின்ட ரோஸ் பெங்காலால பிடிக்க ஏலாது. ஒரு ஓ சங்கிலியை விளங்கினா மூண்டு கேள்விக்கு விடை வருது பாருங்கோ.

இனி கணக்கு. எங்கட ஆக்கள் ஏ எல்லில பயோ எடுத்ததால கணக்கு எண்டா தள்ளி வைக்கிறாங்க, ஆனா ரிசேர்ச்சுக்கு இதுதான் முதுகெலும்பு, தயவுசெய்து இதை தள்ளி வைக்காதீங்கோ. சும்மா ஒரு உதாரணம் எடுப்பம், ஆயிரம் மாடு, அதில 2% பேருக்கு உண்மையா நோய் இருக்கு, டெஸ்ட்டின்ட சென்ஸிட்டிவிட்டி (நோய் இருக்கிறதை பிடிக்கிற வீதம்) 95%, ஸ்பெஸிஃபிசிட்டி (நோய் இல்லாததை நெகட்டிவ் எண்டு காட்டுற வீதம்) 98%. நோய் இருக்கிற 20 மாட்டில 19 பொசிட்டிவ். நோய் இல்லாத 980ல 2% எண்டா கிட்டத்தட்ட 20 மாடு பொய்யா பொசிட்டிவ். ஆக பொசிட்டிவ் எண்டு வந்த 39ல பாதி மாடு சுகமா இருக்கிற மாடு! அதே டெஸ்ட்டை 30% நோய் இருக்கிற இடத்தில போட்டா 285 உண்மை, 14 பொய், இப்ப பொசிட்டிவை 95% நம்பலாம். டெஸ்ட் மாறேல்ல, இடம்தான் மாறினது. ஒரு டெஸ்ட்டை மட்டும் நம்பி ஒருத்தரின்ட ஒரே பால்மாட்டை கழிக்கச் சொல்லுறது எவ்வளவு பெரிய முடிவு எண்டு இந்தக் கணக்கை கையால செய்து பாத்தாத்தான் உறைக்கும், அதாலதான் ரோஸ் பெங்காலுக்கு பிறகு எலைசா இல்லாட்டி கொம்ப்ளிமென்ட் ஃபிக்ஸேஷன் எண்டு ரெண்டாவது டெஸ்ட் வைக்கிறது.

சாம்பிள் எடுக்கிறதைப் பற்றி ஒரு முழு கேள்வியே வரும். கண்டு விழுந்தா முழுக் கண்டையும் இளங்கொடியையும் குளிரில வச்சு அனுப்ப ஏலுமெண்டா அதுதான் நல்லது, ஏலாட்டி கண்டின்ட இரைப்பைக்குள்ள இருக்கிற திரவம், நுரையீரல், மண்ணீரல், ஈரல், மூளை, இளங்கொடியின்ட பூப்பகுதி. கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பாக்க) போறதை ஃபோர்மலினில போட்டா கிருமி செத்திடும், ஹிஸ்டோவுக்கு (இழையத்தை மைக்ரோஸ்கோப்பில பாக்க) போறதை ஃபோர்மலின் இல்லாம அனுப்பினா அழுகிடும், ரெண்டு பெட்டி ரெண்டு லேபிள். தாய் மாட்டின்ட ரத்தம் சிவப்பு மூடி டியூப்பில, குலுக்கக்கூடாது, ரத்தம் உடைஞ்சா சீரம் பழுது. ரெண்டு மூண்டு கிழமை விட்டு ரெண்டாவது சீரம் எடுத்து டைட்டர் (ஆன்டிபொடி அளவு) நாலு மடங்கு கூடியிருக்கா எண்டு பாக்கிறது பொதுவான விதி, ஆனா லெப்டோவில கவனம், தொற்று வந்து கிழமைக் கணக்கில போனபிறகுதான் கரு விழும், அந்த நேரம் டைட்டர் உச்சத்துக்கு போய் இறங்கவும் தொடங்கியிருக்கலாம், நாலு மடங்கு கூடேல்ல எண்டு லெப்டோவை தள்ளாதீங்கோ. விழுந்த ஒரு மாட்டை மட்டும் பாக்காம பட்டியில வேற மாடுகளிலயும் எடுங்கோ.

கொழும்பில வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு உண்மையான கஷ்டம் இருக்கு, மாட்டைத் தொட்டுப் பழகாம ஃபேகல்ட்டிக்கு போறது. வவுனியா கிளிநொச்சி பக்கம் சொந்தக்காரர் இருந்தா லீவில போய் அங்க இருக்கிற அரசாங்க மிருக வைத்தியரிட்ட கேட்டு கூடப் போங்கோ, ரெக்டல் (மலவாயால கைவிட்டு கர்ப்பப்பையை தொட்டுப் பாக்கிறது) செய்து பழகாம சினைக்காலத்தை புத்தகத்தில படிச்சு வேலை இல்ல. மற்றப் பக்கம் பாத்தா கொழும்பு நாய்க்கும் பூனைக்கும் நல்ல பள்ளிக்கூடம். டீவீடீ, அதுதான் பொலியேக்க பரவுற கட்டி, கட்டாக்காலி நாய்களில காணுறது, அது வைரஸால வாறதில்ல, கட்டிக் கலமே ஒரு நாயில இருந்து மற்ற நாய்க்குப் போய் வளருது, நாயின்ட கலத்தில 78 குரோமசோம், இந்தக் கலத்தில 60க்கும் குறைவு, வின்க்ரிஸ்டின் மருந்தை கிழமைக்கு ஒருக்கா குடுக்க பெரும்பாலும் கரைஞ்சு போகும். பயோமெட்ராவும் (கர்ப்பப்பையில சீழ் கட்டுறது) கன வரும், ஹீட் முடிஞ்சு ஒண்டு ரெண்டு மாசத்தில தண்ணி கூடக் குடிக்கிற, சாப்பிடாத, கருத்தடை செய்யாத வயசான பெட்டை எண்டா முதல் நினைப்பு அதாத்தான் இருக்கோணும், கர்ப்பப்பை வாய் மூடின வகையில வெளியால ஒண்டும் வடியாது, அதுதான் ஆபத்து. ப்ரொஜெஸ்டரோன் கர்ப்பப்பையை என்ன செய்யுது எண்டு கீறிப் படியுங்கோ, ஈகோலை பக்டீரியா அதுக்குப் பிறகுதான் வருது.

கால் வாய் நோய்க்கு ஏழு செரோடைப் (வைரஸின்ட உப வகை), ஓ, ஏ, சி, ஏஷியா ஒண்டு, மூண்டு சாட், ஒண்டுக்கு போட்ட வக்சீன் மற்றதுக்கு காக்காது, இவ்வளவும் கட்டாயம். விசர்நாய்க்கடிக்கு, சந்தேகமான நாயின்ட தலை பொரளை எம்ஆர்ஐக்கு (மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு) ஐஸில போகோணும், ஃபோர்மலினில இல்ல, மூளையில ஃப்ளோரசன்ட் ஆன்டிபொடி டெஸ்ட்தான் செய்யிறது, நெக்ரி பொடி (மூளைக் கலத்துக்குள்ள தெரியிற புள்ளி) காணேல்ல எண்டா நோய் இல்ல எண்டு எழுதினா பிழை.

ரிசேர்ச் ப்ராஜெக்ட் எடுக்கப்போறவைக்கு, சின்னக் கேள்வியா எடுங்கோ. "இலங்கையில ப்ருசெல்லா" எண்டு எடுத்தா முடியாது, ஒரு வெட் ரேஞ்சில (ஒரு அரசாங்க மிருக வைத்தியரின்ட பிரிவில) கருச்சிதைஞ்ச மாடுகளில எண்டு சுருக்கினா முடியும். நாலு பண்ணையில இருந்து 100 மாடு எடுத்தா அது 100 தனித்தனி மாடு இல்ல, ஒரே பட்டியில இருக்கிறது எல்லாம் ஒண்டோட ஒண்டு தொடர்பு, அதை அனலிசிஸ்ல காட்டோணும். 60 மாட்டில ஒண்டும் பொசிட்டிவ் வரேல்ல எண்டா "நோய் இல்ல" எண்டு எழுதாதீங்கோ, 5% வரைக்கும் இருக்கலாம் எண்டுதான் அந்த எண்ணிக்கை சொல்லுது. நெகட்டிவ் ரிசல்ட்டும் ரிசல்ட்தான், அதை சுப்பர்வைசரிட்ட மறைக்கத் தேவையில்ல. கன்னொறுவையில இருக்கிற மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில என்ன டெஸ்ட் செய்ய ஏலும், கிட் இருக்கா எண்டு ப்ரொபோசல் எழுத முதலே கேளுங்கோ, எழுதி முடிச்சு கேட்டா திரும்ப முதலில இருந்து எழுத வரும். எதிக்ஸ் அனுமதி கையில வராம ஊசி எடுக்காதீங்கோ. பண்ணைக்காரருக்கு ரிசல்ட்டை கட்டாயம் போய் சொல்லுங்கோ, அவர் தன்ட மாட்டை நம்பித் தந்தவர், அது எங்கட கடமை.

பாடம் இங்கிலிஷில, பண்ணைக்காரர் சிங்களத்திலயோ தமிழிலயோ கதைப்பார். எங்கட பிள்ளைகள் சில பேர் சிங்களம் தெரியாம ஹிஸ்டரி (மாட்டின்ட விபரம்) எடுக்கேக்க பின்னுக்கு நிக்கிறதைக் காணேக்க எனக்கு கவலையா இருக்கும். எத்தினை மாசம், முந்தி விழுந்திருக்கா, எங்க வாங்கின மாடு, நாம்பனா ஊசியா, வக்சீன் போட்டதா எண்ட அஞ்சாறு கேள்வியை மூண்டு மொழியிலயும் எழுதி போனில வச்சிருங்கோ, காணும்.

ஃபீல்டுக்கு போக முதல் விசர்நாய்க்கடி தடுப்பூசி போட்டு முடியுங்கோ, இதில விட்டுக்குடுக்காதீங்கோ. விழுந்த கண்டை ரெண்டு கையுறை, மாஸ்க், கண்ணாடி இல்லாம தொடாதீங்கோ, கர்ப்பமா இருக்கிற பிள்ளைகள் அந்த வேலையில இருந்து விலகி நில்லுங்கோ, ஆரும் அதை குறையா நினைக்க விடக்கூடாது. ப்ருசெல்லா வக்சீன் ரெண்டும் உயிருள்ள கிருமி, போடேக்க ஊசி கையில குத்தினா கழுவிப்போட்டு அண்டைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்கோ, எந்த வக்சீன் எண்டு குப்பியை படமெடுத்துக் கொண்டுபோய் டொக்டருக்கு காட்டுங்கோ, ஏனெண்டா ஆர்பி51க்கு ரிஃபாம்பிசின் வேலை செய்யாது, வழமையான ரத்தப் பரிசோதனையிலயும் அது தெரியவராது, நீங்க சொல்லாட்டி அவருக்கு அதை அறிய வேற வழி இல்ல.