அதே சிர்கோனியா, வேறு தூள்

தூளைச் சுடரில் உருக்கிப் பாகங்களின் மேல் பூச்சாகத் தெளிக்கும் பிளாஸ்மா தெளிப்புக் கூடத்தில் பணிக்குச் சேர்ந்த புதிதில், பூச்சின் தரம் முழுவதும் கட்டுப்பாட்டுப் பலகையில்தான் இருக்கிறது என்று நம்பினேன். மின்னோட்டம், ஆர்கான், ஹைட்ரஜன், துப்பாக்கிக்கும் பாகத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஆகியவற்றை அளவுகள் குறித்த அட்டையில் உள்ளபடி வைத்துவிட்டால், மற்றதை 10,000 டிகிரி செல்சியசைத் தாண்டும் அந்தச் சுடர் பார்த்துக்கொள்ளும் என்பது என் கணக்கு.

வெப்பத்தடுப்புப் பூச்சுக்காக, எடையில் சுமார் 8 சதவீதம் யிட்ரியா (யிட்ரியம் ஆக்சைடு) சேர்ந்த சிர்கோனியா என்ற பீங்கான் வகைப் பொருளைத் தெளித்துவந்தோம். வழக்கமாக வருவது உள்ளே காலியாக உள்ள உருண்டைத் துகள்கள். ஒருமுறை, உருக்கி உறையவைத்து நொறுக்கிய தூள் வந்தது. சான்றிதழில் வேதிச் சேர்மானமும் துகள் அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்ததால் அட்டையை மாற்றத் தோன்றவில்லை. பூச்சு வழக்கத்தைவிட மெலிதாகப் படிந்தது. மாதிரியை வெட்டி மெருகேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, தட்டையாகப் பரவிய அடுக்குகளுக்கு நடுவே கூர்முனை மழுங்காத துகள்கள் உருகாமலே புதைந்து கிடந்தன.

சிர்கோனியா உருக ஏறத்தாழ 2,700 டிகிரி வேண்டும். வெப்பத்தை உள்ளே கடத்துவதிலோ அது மகா சோம்பேறி. துகள் சுடருக்குள் இருக்கும் நேரமும் மில்லிவினாடிக் கணக்குத்தான். வெற்றுருண்டையின் மெல்லிய ஓடு அதற்குள் உருகிவிடும். கெட்டியான துகளுக்கு மேற்புறம் உருகினாலும் நடுப்பகுதி அப்படியே நின்றுவிடும்.

நான் மின்னோட்டத்தையும் ஹைட்ரஜனையும் கூட்டினேன். ஹைட்ரஜன் சுடரின் வெப்பக்கடத்தலை உயர்த்துவதால் சற்றுப் பலன் தெரிந்தது. ஆனால் துப்பாக்கியின் முனைக்குழலான நாசில் வேகமாகத் தேய்ந்து, மின்னழுத்தம் இறங்கி, நேற்றைய அளவுகள் இன்று வேறு சுடரைத் தரத் தொடங்கின.

எங்கள் மூத்த தொழில்நுட்பர் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “துப்பாக்கியை நகர்த்தாமல் ஒரு தகட்டில் சில விநாடி அடித்துப் பாருங்கள், தம்பி” என்றார். படிவின் மேடு வழக்கத்தைவிடக் கீழே விழுந்திருந்தது. தூள் எங்கள் துப்பாக்கியில் மேலிருந்து செலுத்தப்படுகிறது. அதே அளவு துகளானாலும் கெட்டியானது கனமானது என்பதால், சுமந்து செல்லும் ஆர்கான் தந்த உந்துதலில் அது சுடரின் நடுவைக் கடந்து மறுபக்கம் போய்விட்டிருந்தது. சூடு போதாமல் இல்லை. துகள் சூட்டில் நிற்கவில்லை. அந்த ஆர்கானைக் குறைத்து, ஹைட்ரஜனைப் பழைய நிலைக்குச் சற்றே மேலே நிறுத்தி, பெரிய துகள்களைச் சலித்து நீக்கிய பிறகு பூச்சு ஒழுங்குக்கு வந்தது. இன்னும் நுண்ணிய தூளாக வாங்கலாமே என்ற ஆசையும் எழுந்தது. மிக நுண்ணிய தூள் குழாயில் கட்டிபடும், சுடரையும் துளைத்து உள்ளே போகாது என்பதால் அதைக் கைவிட்டோம்.

பூச்சுக்குள் எஞ்சும் நுண்துளைகளை அடியோடு ஒழிக்க நாங்கள் முயலவில்லை. மின்காப்புக்கான அலுமினா பூச்சில் அவை குறைதான்; வெப்பத்தடுப்புப் பூச்சிலோ அவையே பாதி வேலையைச் செய்கின்றன. ஆனால் நுண்துளைச் சதவீதம் ஒன்றாக இருந்தாலே இரு பூச்சுகளும் ஒன்றாகிவிடுவதில்லை: அடுக்குகளுக்கு இடையே படுத்திருக்கும் மெல்லிய இடைவெளி வெப்பத்தை மறிக்கும் அளவுக்கு உருண்டையான துளை மறிப்பதில்லை. அதனால் அறிக்கையில் சதவீதத்தோடு நுண்ணோக்கிப் படத்தையும், தூள் தயாரான முறையையும், தகட்டில் மேடு விழுந்த இடத்தையும் சேர்த்தே பதிந்துவருகிறோம்.