தாத்தாவின் கக்கன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்து வீட்டில் இன்று தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். பால்வெட்டுக் கத்திக்கு அடியில் ஓரம் பழுத்த ஒரு படம். கக்கன்.

தாத்தா மேலூர்க்காரர். கக்கன் பக்கத்துத் தும்பைப்பட்டி. தாழ்த்தப்பட்ட மக்களைக் கோயிலுக்குள் விடாத காலத்தில், 1939 ஜூலை 8 அன்று, காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயரோடு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனவர். "நம்மாளு உள்ள போனாருய்யா" என்னும்போதே தாத்தாவுக்குக் குரல் கம்மும்.

அப்புறம் நாடாளுமன்றம். 1957 முதல் 1967 வரை சென்னை மாநில அமைச்சர்: பொதுப்பணி, வேளாண்மை, உள்துறை. வைகை அணை திறந்த 1959இல் பொதுப்பணி அவர் கையில்தான் இருந்தது. பத்து வருஷம் மந்திரியாக இருந்தவரை, பின்னாளில் எம்.ஜி.ஆர். கண்டது மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில். எவ்வளவு பெரிய மனுஷன்! இந்த இடம் வந்தால் தாத்தா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார்.

நாளைக்கு டவுனுக்குப் போய் படத்துக்குக் கண்ணாடி போட வேண்டும்.