சாட்ஸ்வொர்த்தின் சாம்பியன்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறங்கியதிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு, சாட்ஸ்வொர்த் கால்பந்து மைதானத்தைப் பார்த்துவிட வேண்டும். நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் போனால் மேடும் பள்ளமுமாக நெருக்கமான வீடுகள் தொடங்கிவிடுகின்றன. எந்த இனம் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று நிறவெறி அரசு 1950ல் போட்ட குழுப் பகுதிகள் சட்டத்தைக் காட்டி, இந்தியர்களைப் பழைய இடங்களிலிருந்து கிளப்பி, 1960களில் இங்கே கொண்டுவந்து குடிவைத்தது. 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தமிழர்களின் வம்சத்தார் இங்கே ஏராளம்.

மேனிங் ரேஞ்சர்ஸ் இந்த மைதானத்தில் ஆடிய டீம். 1928ல் டர்பன் இந்தியர்கள் தொடங்கிய கிளப். 1996ல் நாட்டின் உச்சப் பந்தாட்டப் போட்டியான பிரீமியர் சாக்கர் லீக் புதிதாகப் பிறந்தது. சீசன் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிகிற வழக்கமும் அப்போதுதான் வந்தது. 18 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 34 ஆட்டங்கள். ஜோகன்னஸ்பர்க்கின் சோவெட்டோ பகுதியைச் சேர்ந்த கைசர் சீஃப்ஸ் இருந்தது. முந்தின வருஷம் ஆப்பிரிக்க சாம்பியன் ஆகியிருந்த ஆர்லாண்டோ பைரேட்ஸ் இருந்தது. அத்தனை பேரையும் தாண்டி 1997ல் அந்த முதல் பட்டத்தை வாங்கியது மேனிங் ரேஞ்சர்ஸ்! பயிற்சியாளர் கோர்டன் இகேசுண்ட். பிற்பாடு பைரேட்ஸ், சாண்டோஸ், சன்டவுன்ஸ் என்று இன்னும் மூன்று கிளப்புகளுக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்த மனிதர்.

மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு தாத்தாவைப் பார்த்தேன். அவருடைய தமிழில் பாதி ஆங்கிலம். ரேஞ்சர்ஸ் என்று சொன்னதுதான் தாமதம், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த சீசன் ஒரு ஹோம் மேட்சும் விடலை தம்பி. ஜூலு ஆளுங்க, நம்ம ஆளுங்க எல்லாம் ஒரே பக்கம் குந்திக்கிட்டு கத்துவோம்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் அவ்வளவு தூரம் போனது தகும். நிறவெறிக் காலத்தில் பந்தாட்டத்திலும் இனத்துக்கு ஒரு லீக். இனம் பார்க்காமல் ஆடவேண்டும் என்று நின்ற ஃபெடரேஷன் லீக்குக்கு டர்பனில் கரீஸ் ஃபவுண்டன் மைதானம்தான் தாய்வீடு. தாத்தாவின் அப்பா அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு அங்கே போவாராம். அப்பேர்ப்பட்ட ஊரில், 1994 தேர்தல் முடிந்து மூன்றே வருஷத்தில், நாட்டின் பெரிய கோப்பை ஒரு இந்தியக் குடியிருப்புக்கு வந்தது என்றால் சும்மாவா?

"இப்போ எந்த டீம் தாத்தா?" என்று கேட்டேன்.

"டீம் ஏது? வித்துட்டாங்களே."

உண்மைதான். அடுத்த பத்து வருஷத்துக்குள் கீழ் டிவிஷனுக்கு இறங்கி, உரிமம் கை மாறி, கிளப் கேப் டவுன் பக்கம் போய்விட்டது. தென்னாப்பிரிக்காவில் லீக்கில் ஆடும் உரிமத்தையே காசுக்கு வாங்கலாம், விற்கலாம். 2017ல் சாம்பியன் ஆன பிட்வெஸ்ட் விட்ஸ் 2020ல் விலைபோனது. புளூம்ஃபோன்டைன் செல்டிக் அடுத்த வருஷமே டர்பன் இருக்கும் குவாசுலு நட்டால் மாகாணத்துக்கு வந்து ராயல் ஏஎம் ஆனது. செல்டிக் ரசிகர்கள் எவ்வளவு சத்தமான கூட்டம் என்று அந்நாட்டுப் பந்தாட்டம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். அவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. கிளப்பை விற்கிற முதலாளிக்கு உரிமம்தான் சொந்தம், ஊர் சொந்தமில்லை. ரசிகர்கள் சம்மதம் இல்லாமல் ஊர் மாற்றக்கூடாது என்று லீக் ஒரு விதி போடவேண்டும்.

டர்பன் போகிறவர்கள் கடற்கரையோடும், ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். சாட்ஸ்வொர்த்துக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். அறுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது 1997 லீக்கைப் பற்றிக் கேளுங்கள்.