டாக்குமென்ட்ஸ் வேண்டாம், அதற்குள் ஒரு ஃபோல்டர் போதும்

பொங்கலுக்கு அண்ணன் வீட்டுக்குப் போகும்போது வேண்டுமென்றே லேப்டாப்பை வைத்துவிட்டுப் போனேன், நாலு நாளாவது நிம்மதியாக இருக்கலாமே என்று. மாட்டுப் பொங்கலன்று காலையிலேயே போன். ஒரு வாடிக்கையாளரின் இணையதளத்தில் விலைப்பட்டியல் தப்பாக இருக்கிறது, நான் செய்த தப்புதான், இன்றைக்கே மாற்றியாக வேண்டும். ஃபைல்கள் பென்டிரைவில் இருந்தன (அதை மட்டும் ஏன் எடுத்துப் போனாய் என்று கேட்காதீர்கள்). வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் அண்ணன் மகளின் காலேஜ் லேப்டாப். அதில் எதையும் இன்ஸ்டால் பண்ணக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். "சித்தப்பா, ஏற்கெனவே அது மூச்சு வாங்குது."

சரி, கோட் எழுதித் திருத்தும் விஎஸ் கோட் மென்பொருளில் பிரவுசரிலேயே ஓடும் ஒன்று இருக்கிறதே என்று அதைத் திறந்தேன். மைக்ரோசாப்ட் 2021 அக்டோபரில் வெளியிட்டது. குரோமிலோ எட்ஜிலோ போனால், கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபோல்டரை அப்படியே திறந்து, திருத்தி, அதே இடத்தில் சேவ் செய்யலாம். அப்லோடு, டவுன்லோடு எதுவும் வேண்டாம். பென்டிரைவில் இருந்ததை எல்லாம் டாக்குமென்ட்ஸில் கொட்டி, அந்த டாக்குமென்ட்ஸையே தேர்ந்தெடுத்தேன். இதில் சிஸ்டம் ஃபைல்கள் இருப்பதால் திறக்க முடியாது என்று வந்தது. அவளுடைய அசைன்மென்ட்டுகளும் கல்யாண வீட்டுப் படங்களும்தான் இருந்தன. எதுய்யா சிஸ்டம் ஃபைல்?

நண்பனுக்குப் போன் போட்டேன். "குரோம் ஷார்ட்கட்ல டிஸேபிள் வெப் செக்யூரிட்டின்னு ஒண்ணு சேர்த்துத் திற மச்சி, எல்லாம் திறக்கும்" என்றான். கை ஷார்ட்கட் வரைக்கும் போய்விட்டது. நல்ல வேளையாக, அது என்ன செய்யும் என்று ஒரு நிமிடம் யோசித்தேன். ஒரு தளம் இன்னொரு தளத்தின் தகவலைப் படிக்க முடியாமல் தடுக்கும் வேலியைத்தான் அது பிடுங்கிப் போடும். ஃபோல்டர் விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பூட்டு மாட்டிக்கொண்டது அலமாரியில், இவன் இடிக்கச் சொல்வது காம்பவுண்டு சுவரை.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் இருவரும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் காலத்தில் வேலை பழகியவர்கள். ஏதாவது தளம் வேலை செய்யவில்லையா, இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி, டிரஸ்டட் சைட்ஸ், தளத்தைச் சேர், கஸ்டம் லெவலில் போய் ஆக்டிவ்எக்ஸ் (தளங்கள் நம் கம்ப்யூட்டரில் ஓட்டும் குட்டி நிரல்கள்) என்று கண்ணில் படுவதை எல்லாம் எனேபிள் பண்ணு, முடிந்தது. 1997இல் நான்காம் பதிப்போடு வந்த ஏற்பாடு அது. அதில் சிக்கல் என்னவென்றால், தளர்த்துவது ஒரு தளத்துக்கு என்று நாம் நினைத்துக்கொள்வோம், ஆனால் டிரஸ்டட் சைட்ஸ் என்ற அந்த மண்டலத்தில் இருக்கும் அத்தனை தளங்களுக்கும் சேர்த்துத்தான் தளரும். நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் அந்தப் பட்டியலில் யார், எப்போது, எதற்குச் சேர்த்தது என்றே தெரியாத முகவரிகள் கிடந்தன. யாரும் நீக்கவும் பயந்தார்கள்.

இப்போது ஏற்பாடே வேறு. குரோமில் ஒரு தளத்துக்கு நம் ஃபோல்டரைத் திறந்து கொடுக்கும் இந்த வசதி 2020இல், 86ஆம் பதிப்பில் வந்தது. எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பில் வரும் தளமாக இருக்க வேண்டும், நாமே கிளிக் செய்து ஃபோல்டரைக் காட்ட வேண்டும், படிக்க ஒரு அனுமதி, எழுத இன்னொரு அனுமதி. அதற்கு மேலும் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் போன்ற பெரிய ஃபோல்டர்களை முழுசாகத் தூக்கிக் கொடுக்க விடாது. அவற்றுக்குள்ளே ஒரு ஃபோல்டர் என்றால் விடும். சிஸ்டம் ஃபைல் என்ற வார்த்தைதான் என்னைச் சுற்ற விட்டது. டாக்குமென்ட்ஸுக்குள் 'பொங்கல்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, ஃபைல்களை அதற்குள் நகர்த்தி, அதைக் காட்டினேன். உடனே திறந்தது.

இந்தக் கெடுபிடி வீண் என்று நினைத்தால், 2023இல் ஃபுளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து காட்டியதைச் சொல்ல வேண்டும். எதையும் இன்ஸ்டால் செய்யாமல், இதே அனுமதியை வாங்கிக்கொண்டு பிரவுசர் வழியாகவே ஃபோல்டரில் இருப்பதை எல்லாம் என்கிரிப்ட் செய்ய, அதாவது நாமே திறக்க முடியாதபடி பூட்ட, முடியும் என்று நிரூபித்தார்கள். உள்ளே இருக்கும் துணை ஃபோல்டர்களும் அனுமதியில் அடக்கம் என்பதை நினைவில் வையுங்கள். ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் இப்படி ஃபோல்டரைத் திறந்து கொடுக்கும் வசதியைத் தரவே இல்லை. பிரேவ் பிரவுசரில் முதலில் அணைத்துத்தான் இருக்கும்.

சாதாரணமாக, அந்தத் தளத்தின் டேப்களை எல்லாம் மூடினால் அனுமதியும் போய்விடும். 2024இல் வந்த 122ஆம் பதிப்பிலிருந்து, அதே ஃபோல்டரைத் தளம் மறுபடி கேட்கும்போது இந்த முறை மட்டுமா, ஒவ்வொரு முறையுமா, வேண்டாமா என்று குரோம் கேட்கும். என் சொந்தக் கம்ப்யூட்டரில், தினமும் வேலை செய்யும் ஒரே ஒரு ஃபோல்டருக்கு 'ஒவ்வொரு முறையும்' கொடுத்திருக்கிறேன். அடுத்தவர் கம்ப்யூட்டரில் கொடுக்கவே மாட்டேன். கொடுத்ததைத் திரும்ப வாங்க, முகவரிக்கு இடப்பக்கம் இருக்கும் சின்ன ஐகானைத் தட்டினால் போதும். எல்லாத் தளங்களையும் சேர்த்துப் பார்க்க செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அடிஷனல் பெர்மிஷன்ஸ், ஃபைல் எடிட்டிங். மற்ற எதையும் தொட வேண்டியதில்லை.

விலையைத் திருத்தி சேவ் கொடுத்த அதே நேரத்தில் சார்ஜ் தீர்ந்து லேப்டாப் படுத்துவிட்டது. சார்ஜர் மாட்டி, மறுபடி திறந்து, மறுபடி அனுமதித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்தேன். அப்புறம் விஷயத்தை மறந்தே போனேன்.

ஊர் திரும்பி ரெண்டு நாள் கழித்து அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட். 'பொங்கல்' ஃபோல்டருக்குள் கடைசியில் சிஆர்ஸ்வாப் என்று முடியும் பெயரோடு ஒரு ஃபைல். "சித்தப்பா, இது வைரஸா?"

குரோம் நேராக நம் ஃபைலில் எழுதாது. முதலில் இப்படி ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, சரிபார்த்து, முடிந்ததும்தான் இடம் மாற்றும். பாதியில் அணைந்ததால் அது அனாதையாக நின்றுவிட்டது. இதை எல்லாம் வாய்ஸ் மெசேஜில் விளக்கினேன்.

"அழிச்சிட்டேன்" என்று பதில் வந்தது. ஃபோல்டரையே அழித்திருந்தாள்.