கைப்பேசியில் வரும் சாட்சியம்

மதுரையில் குடும்பநல வழக்குகளை நடத்தும் எங்களிடம் வருகிற கட்சிக்காரர்கள், இப்போதெல்லாம் திருமணப் பத்திரிகையை எடுப்பதற்கு முன்பே கைப்பேசியை எடுத்து நீட்டுகிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து விவாகரத்து கோரி வந்த ஒருவர், ஒரு நிமிடம்கூட ஓடாத ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். அதில் மனைவியின் குரல் மட்டுமே இருந்தது. அதற்கு முன்பு நீங்கள் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"அது எதுக்கு சார்? வெட்டிட்டேன்" என்றார்.

பதிவு செய்த கைப்பேசியைக் கடையில் கொடுத்துப் புதியது வாங்கிவிட்டாராம். தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த நகல்தான் மிச்சம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படி, இத்தகைய பதிவோடு சான்றிதழ் ஒன்றும் தாக்கலாக வேண்டும். அதன் ஒரு பகுதியில் தாக்கல் செய்பவரும் மறு பகுதியில் நிபுணரும் கையொப்பமிட்டு, கோப்பின் ஹேஷ் மதிப்பையும் (கோப்பில் சிறு மாற்றம் செய்தாலும் மாறிவிடும் அடையாளக் குறியீடு) குறிப்பிட வேண்டும். அந்த நிபுணரை எங்கே போய்ப் பிடிப்பது என்பது தனிக் கதை.

மனைவியின் அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் பெற்றுக் கணவர் தாக்கல் செய்த வழக்கொன்றில், அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கிடையிலும் உண்டு என்றும், அதை மீறிப் பெற்ற சான்றை ஏற்க இயலாது என்றும் 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. பஞ்சாபின் பதிண்டா குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய வேறொரு வழக்கிலோ, மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த உரையாடலை மணவிலக்கு வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. என் கட்சிக்காரர் இந்த இரண்டாவது செய்தியை மட்டும் படித்துவிட்டு வந்திருந்தார். தானே பங்கேற்ற பேச்சைப் பதிவு செய்வதும், இன்னொருவருடைய அழைப்புப் பட்டியலை எடுப்பதும் ஒன்றல்ல என்பதை விளக்கவே நேரம் பிடித்தது.

குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, சாட்சியச் சட்டத்தின் கட்டுகளைத் தளர்த்தி, தகராறைத் தீர்க்க உதவும் எதையும் நீதிபதி ஏற்க இடமளிக்கிறது. ஆனால் ஏற்பது வேறு, நம்புவது வேறு. வெட்டிய பதிவைத் தாக்கல் செய்தால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முதல் கேள்வியே வெட்டப்பட்ட பகுதியைப் பற்றித்தான் இருக்கும். அதற்கு என் கட்சிக்காரரிடம் பதில் இல்லை.

பதிவை விட்டுவிட்டு, நடந்தவற்றைத் தேதிவாரியாக எழுதி மனுவைத் தயாரித்தோம். சச்சரவை நேரில் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சியாக அழைக்கலாம் என்றபோதுதான் என் கட்சிக்காரர் தயங்கினார். ஊருக்குத் தெரியாமல் வழக்கை முடிக்கலாம் என்று நம்பித்தான் அந்தப் பதிவையே எடுத்தாராம்.