புளூபேர்டின் ஏரியல் மறுபடி எழும்பியது

மாரி முடிந்து தை பிறந்த கிழமை. அப்பாவின் நிசான் புளூபேர்டில் ரேடியோவைப் போட்டதும் பின்பக்கத்திலிருந்து 'டர்ர்ர்' என்று சத்தம் வந்தது, மோட்டரால் தானாக எழும்புகிற ஏரியல் வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு சாண் அளவுக்கு எழும்பி, சாய்ந்தபடி நின்றது. மோட்டர் பத்து விநாடி போல ஓடிவிட்டுத் தானாக நின்றது. அப்பா முன்சீட்டில் இருந்தபடியே, "என்ன பிள்ளை, இழுபடுதில்லையா?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. கண்பார்வை குறைந்த பிறகு கார் என் பொறுப்புக்கு வந்தது. பின்னேரங்களில் அவரை ஏற்றிக்கொண்டு திருகோணமலை உவர்மலையிலிருந்து இறங்கி, உட்துறைமுக வீதியால் ஒரு சுற்று வருவேன். சில நாள் உப்புவெளி, சில நாள் நிலாவெளி வரை. அவருக்கு இப்போது காது மட்டும்தான் நல்ல துணை. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் மாறியது 1967இல். அவர் வாயில் அது இன்னும் ரேடியோ சிலோன்தான். காலையில் மரண அறிவித்தல் கேட்காவிட்டால் அவருக்கு நாள் தொடங்காது. இருட்டினால் மீடியம் வேவில் மெல்ல மெல்லத் திருகி, தமிழ்நாட்டு நிலையம் ஏதாவது ஒன்றைப் பிடித்துவிடுவார்.

கார் மின்வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "டீச்சர், இதெல்லாம் இப்ப ஒருத்தரும் திருத்திறதில்லை. வயரை வெட்டிப்போட்டு மேலே ஒரு ரப்பர் ஏரியல் வைப்பம், அரை மணித்தியால வேலை" என்றார். அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. மோட்டர் ஓடுகிற சத்தம் கேட்கிறது, அதை இயக்குகிற மின்சுவிட்சான ரிலே வேலை செய்கிறது, பிறகு எதற்கு முழுவதையும் கழற்றி எறிய வேண்டும்?

இன்னொரு காரணமும் இருந்தது. நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். எஃப்எம் அலை 100 மெகாஹேர்ட்ஸில் மூன்று மீற்றர் நீளம். அதன் கால்பங்கு 75 சென்டிமீற்றர். கார் ஏரியல்கள் முக்கால் மீற்றர், ஒரு மீற்றர் என்று நிற்பது அழகுக்காக அல்ல. மீடியம் வேவில் ஆயிரம் கிலோஹேர்ட்ஸ் என்றால் அலைநீளம் 300 மீற்றர். அதற்குக் கால்பங்கு ஏரியலை எந்தக் காரிலும் வைக்க முடியாது. ஆகவே இருக்கிற ஒவ்வொரு சென்டிமீற்றரும் பெறுமதி. ஒரு சாண் ரப்பர் குச்சியில் கொழும்பு எஃப்எம் சமாளிக்கலாம். அப்பாவின் இரவு நிலையங்கள் கரகரப்புக்குள் போய்விடும்.

சனிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினேன். முதலில் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினேன். டிக்கியைத் திறந்து இடப்பக்க உறையை எடுத்தால் உள்ளே ஏரியலின் வட்டப்பெட்டி தெரிகிறது. மட்காட்டுக்கு மேலே இரண்டு வெட்டு உள்ள ஒரு நட்டு. அதற்குச் சரியான சாவி என்னிடம் இல்லை. கூர்மூக்குக் குறட்டின் இரண்டு நுனியையும் வெட்டுகளில் வைத்து, முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்திருந்ததால் மெல்லக் கழன்றது. கீழே ஒரு 10 மில்லிமீற்றர் போல்ட். ரேடியோவுக்குப் போகும் தடித்த வயரையும் மூன்று வயர் உள்ள பிளக்கையும் இழுத்ததும் முழுவதும் கையில் வந்துவிட்டது.

பெட்டியின் அடியில் தண்ணீர் வடிவதற்கு ஒரு சின்னக் குழாய் உண்டு. அதற்குள் குளவி மண்கூடு கட்டி முழுக்க அடைத்திருந்தது. மாரி முழுவதும் மேலே விழுந்த மழை வடிய வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. உங்கள் காரிலும் இப்படி ஏரியல் இருந்தால், வேறொன்றும் செய்யாவிட்டாலும் இந்தக் குழாயை மட்டும் ஒரு வயரால் குத்திப் பாருங்கள்.

குசினி வாசல் படியில் பத்திரிகை விரித்து மூடியைக் கழற்றினேன். உள்ளே இருப்பது எளிமையான, எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு ஏற்பாடு. குழாய்களின் நடுவால் நைலோன் நாடா ஒன்று போகிறது, ஒரு பக்கம் முழுவதும் பற்கள். மோட்டர் சுற்றும்போது பல்சக்கரம் அந்த நாடாவை மேலே தள்ளுகிறது. ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கும் குழாய்கள் நீள்கின்றன. திருப்பிச் சுற்றினால் நாடா கீழே வந்து பெட்டிக்குள் சுருண்டுகொள்கிறது. எங்களுடையதில் மேற்குழாய் இரண்டு உப்பினால் ஒன்றோடொன்று பிடித்துப்போய் அசையவே இல்லை. மோட்டர் விடாமல் தள்ள, நாடா முறிந்திருக்கிறது. முறிந்த துண்டு பழைய கிறீஸுக்குள் கறுப்பாகச் சுருண்டு கிடந்தது. மயிர் பிடுங்கும் இடுக்கியால் எடுத்து, துணியால் துடைத்து, புது வெள்ளைக் கிறீஸ் கொஞ்சம் போட்டேன்.

மூன்று வயர்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் பயந்து நிற்கிறார்கள். ஒன்றில் பற்றரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் இருக்கும். ஒன்று எர்த். மூன்றாவது ரேடியோவிலிருந்து வருவது. ரேடியோவைப் போட்டால் மூன்றாவதிலும் 12 வோல்ட் வரும், ரிலே மோட்டரை ஏற்றும் பக்கம் சுற்றவைக்கும். ரேடியோவை நிறுத்தினால் அது இல்லாமற்போகும், ரிலே முனைகளை மாற்றிவிடும், ஏரியல் இறங்கும். சாவியை எடுத்த பிறகும் இறங்கி முடியவேண்டும் என்பதற்காகத்தான் முதல் வயர். நிறத்தை நம்பவேண்டாம், மீற்றர் வைத்துப் பாருங்கள். நான் பற்றரியைப் படிக்குக் கொண்டுவந்து முதல் இரண்டையும் கொடுத்து, மூன்றாவதைத் தொட்டும் எடுத்தும் பார்த்தேன். பல்சக்கரம் இரண்டு பக்கமும் அழகாகச் சுற்றியது.

குழாயும் நாடாவும் சேர்ந்த பாகம் மட்டும் தனியாக விற்கிறார்கள். கொழும்பில் இருக்கும் சித்தப்பாவின் மகன் பஞ்சிகாவத்தையில் ஆறேழு கடை ஏறி இறங்கி, பழைய நாடாவின் படத்தைக் காட்டி, பல்லின் அளவு ஒத்துவருவதைப் பார்த்து வாங்கி, இரவு பஸ்ஸில் அனுப்பினான். அவனுக்கு நன்றி.

புதியதைப் போடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா முன்சீட்டில், கை ரேடியோவின் மேல். நான் பின்னால், நாடாவை உள்ளே விட்டுப் பிடித்தபடி.

"ஓப் பண்ணட்டா?"

"கொஞ்சம் பொறுங்கோ அப்பா... சரி, இப்ப."

மோட்டர் சுற்றியது, நாடா உள்ளே போகவில்லை. பற்கள் எதிர்ப்பக்கம் பார்த்திருந்தன. அரைச்சுற்று திருப்பி மறுபடி விட்டேன். இந்த முறை கையிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனது. குழாய்களை நேராகப் பிடித்து இறக்கி, நட்டை இறுக்கினேன். "இப்ப போடுங்கோ." ஏரியல் முழு உயரத்துக்கு எழும்பி நின்றது.

ஆனால் அன்றிரவு மீடியம் வேவில் ஒரே கரகரப்பு. எஞ்சின் வேகம் கூடக் கூட அதுவும் கூடியது. ஞாயிறு காலை மறுபடி திறந்தேன். பெட்டியைப் பிடிக்கும் தகடு காரின் உடம்பைத் தொடும் இடத்தில் துரு, கனமாக. ஏரியலின் எர்த் அந்த இடத்தால்தான் போகிறது. அது சரியில்லாவிட்டால் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்குகளின் பொறிச்சத்தம் எல்லாம் ரேடியோவுக்குள் வந்துவிடும். அரத்தாளால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, சுற்றிவரக் கிறீஸ் பூசினேன். கரகரப்பு அடங்கியது.

உப்பைப் பற்றி அப்போது நெடுநேரம் யோசித்தேன். வாடை வீசும் மாதங்களில் இந்த ஊரில் இரும்பு ஒன்றும் தப்புவதில்லை. ஆனால் உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் மீடியம் வேவ் அலைகள் தரையைவிடக் கடலின் மேல் அதிக தூரம் போகின்றன. தமிழ்நாட்டுக் குரல் எங்களுக்கு வந்து சேர இந்த உப்புக் கடலும் உதவுகிறது. நிலாவெளிக்கு வடக்கே ஜெர்மனியின் டொய்ச்ச வெல வானொலி தன் ஒலிபரப்பை வாங்கி மறுபடி அனுப்பும் அஞ்சல் நிலையத்தைக் கட்டியபோதும் கடலோரத்தைத்தான் தேர்ந்தது. 2013இல் அதை எங்கள் கூட்டுத்தாபனத்திடம் கையளித்தார்கள். அந்தப் பக்கம் போகும்போது கோபுரங்கள் எந்தத் திசை என்று அப்பா இன்றும் கேட்பார்.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு வந்ததும் ரேடியோவை உடனே நிறுத்துவதில்லை. ஏரியல் மேலே இருக்கும்போதே அப்பா இறங்கி, காரைத் தடவிக்கொண்டு பின்னால் போய், ஒரு சொட்டு தையல்மெஷின் எண்ணெய் விட்ட துணியால் அடியிலிருந்து நுனிவரை துடைக்கிறார். கிறீஸ் பூசுவதில்லை, மணல் ஒட்டிக்கொள்ளும். துடைத்து முடித்து மட்காட்டில் இரண்டு தட்டு தட்டுவார். அதற்குப் பிறகுதான் நான் ரேடியோவை நிறுத்துவேன்.