விழுந்த லேப்டாப்பைச் சோதித்த நாட்கள்

மார்ச் 4, 2025, செவ்வாய்

தங்கையின் லேப்டாப் இன்று சாயங்காலம் மேசையிலிருந்து விழுந்துவிட்டது. சார்ஜர் வயர் நாற்காலிக் காலில் மாட்டி இழுத்திருக்கிறது. விழும்போது ஓடிக்கொண்டிருந்தது, விழுந்த பிறகும் திரையில் வெளிச்சம் இருந்தது. "நல்லாத்தான் இருக்கு அண்ணா" என்று அவள் திரும்பவும் டைப் செய்ய உட்கார்ந்தாள். ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்றச் சொன்னேன்.

என் பயமெல்லாம் ஹார்டு டிஸ்கைப் பற்றித்தான். விண்டோஸ் இருப்பது எஸ்எஸ்டியில், அதாவது சிப்புகளில் தரவைச் சேமிக்கும் டிரைவில். அதில் அசையும் பாகம் கிடையாது, அதனால் கவலை குறைவு. ஆனால் அவளுடைய ஆய்வேடு, நேர்காணல் ஒலிப்பதிவுகள் எல்லாம் இருக்கும் டி டிரைவ், சுழலும் தட்டு கொண்ட பழைய வகை. நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலேதான் படிக்கும் முனை மிதக்கிறது. விழுந்த அதிர்ச்சியில் முனை தட்டைத் தொட்டிருந்தால், ஓட ஓடக் கீறல் பெருகும். விழுவதை உணர்ந்து முனையை ஓரம்கட்டும் ஏற்பாட்டை ஐபிஎம் 2003இலேயே தன் திங்க்பேடுகளில் கொண்டுவந்தது. 75 செ.மீ. உயரத்திலிருந்து தரையைத் தொட 0.4 நொடிகூட ஆகாது, அதற்குள் முனை ஒதுங்கியாக வேண்டும். இவளுடைய லேப்டாப்பில் அந்த வசதி இல்லை.

அணைத்த பிறகு வெளிப்பக்கம் முழுக்கப் பார்த்தோம். அடி பட்டது இடது பின் மூலையில், கீலுக்கு நேர் கீழே. அங்கே பிளாஸ்டிக் லேசாக வாய் பிளந்திருக்கிறது. மெதுவாகச் சாய்த்துப் பார்த்தபோது உள்ளே எதுவும் உருளும் சத்தம் இல்லை. சமமான மேசையில் வைத்தால் ஆடவில்லை. டச்பேட் மேலே எழும்பவில்லை, அழுத்தினால் வழக்கம்போல உள்ளே போகிறது. பேட்டரி உப்பியிருந்தால் பெரும்பாலும் முதலில் காட்டிக்கொடுப்பது இந்த இரண்டும்தான். இனிப்பு கலந்த ரசாயன வாடை, சீறும் சத்தம், காரணமில்லாத சூடு எதுவும் இல்லை. இருந்தாலும் லித்தியம் பேட்டரியில் உள்ளே ஏற்பட்ட சேதம் உடனே வெளியே தெரிந்துவிடாது. அதனால் இன்று ராத்திரி சார்ஜ் போட வேண்டாம், மெத்தை பக்கம் வேண்டாம் என்று வெறும் தரையில் வைத்துவிட்டோம்.

மார்ச் 5, புதன்

காலையில் ஆன் செய்ததும் முதலில் காதை வைத்துக் கேட்டோம். டக், டக் என்று சீராகச் சத்தம் வந்தால் அந்த நொடியே அணைத்துவிட வேண்டும். அதன் பிறகு அது தரவு மீட்பவர்களின் வேலை. நல்லவேளை, வரவில்லை.

அடுத்தது, எந்தப் பரிசோதனைக்கும் முன்னால், கோப்புகளை வெளி டிரைவுக்கு நகலெடுப்பது. முதலில் ஆய்வேடு, அப்புறம் ஒலிப்பதிவுகள், கடைசியில் படங்கள். பலர் எடுத்த எடுப்பில், டிஸ்க்கில் பிழை தேடும் விண்டோஸின் 'செக் டிஸ்க்' கருவியை ஓடவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சாகக் கிடக்கும் டிஸ்க்கை மூலை முடுக்கெல்லாம் படிக்க வைப்பது அதன் மிச்ச ஆயுளையும் குடித்துவிடும். இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடும் அந்த நேரத்தை நகலெடுக்கத்தான் செலவழிக்க வேண்டும்.

ஒரு ஒலிப்பதிவில் மட்டும் நகல் வெகுநேரம் நின்று, பிறகு நகர்ந்தது. அவள் முகம் வாடிவிட்டது. கடைசியில் எல்லாமே வந்து சேர்ந்தன.

மார்ச் 6, வியாழன்

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் 'ஸ்மார்ட்' கணக்கை, அதைப் படித்துக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் திறந்தோம். கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட செக்டார்கள் (டிஸ்க்கின் சிறு சேமிப்புப் பகுதிகள்) 0. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்கள், அதாவது 197ஆம் வரி, 8. எட்டு இடங்கள் கெட்டுவிட்டதாக அர்த்தமில்லை. இப்போதைய டிஸ்குகளில் ஒரு செக்டார் பெரும்பாலும் 4,096 பைட், கணக்கு மட்டும் 512 பைட்டாக எழுதப்படும். ஒரு செக்டார் கெட்டாலே கணக்கில் எட்டு என்று ஏறும். ஆக, கெட்டது ஒரே இடமாக இருக்கலாம். நேற்று நகல் தடுமாறியதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இந்த எண் உயர்கிறதா என்பதுதான் கேள்வி.

மார்ச் 8, சனி

இன்று திரை. மூடியை ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குக் கொண்டுபோனால் மட்டும் சிமிட்டுகிறது. கிராபிக்ஸ் சிப் போய்விட்டதோ என்று அவளுக்குப் பதற்றம். எச்டிஎம்ஐ வழியாக வெளி மானிட்டரில் போட்டுப் பார்த்தால் படம் அசையாமல் நிற்கிறது. அப்படியானால் சிப் மீது சந்தேகப்பட வேண்டியதில்லை. கீலுக்குள் வளைந்து போகும் திரை கேபிள்தான் நசுங்கியிருக்க வேண்டும் அல்லது இணைப்பில் தளர்ந்திருக்க வேண்டும். அடி பட்ட மூலையோடும் இது பொருந்துகிறது. வைஃபை ஆன்டெனா வயர்களும் அதே வழியாகத்தான் மூடிக்குள் போகின்றன, அதனால் சிக்னலையும் பார்த்தோம், குறையவில்லை. வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று திரையை முழுதாக நிரப்பிப் பார்த்ததில் செத்த புள்ளியோ கசிவோ இல்லை.

யுஎஸ்பி துளைகள், கேமரா, மைக், ஸ்பீக்கர், விசைகள் எல்லாம் சரி. சார்ஜர் முனையை மெல்ல ஆட்டியபோதும் சார்ஜ் விட்டுப்போகவில்லை. வயர் இழுத்து விழுந்த லேப்டாப்பில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

ராத்திரி முழுக்க, ரேம் நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஓடியது. பிழை இல்லை. அப்புறம் பிராசசரை நன்றாகச் சூடேற வைத்தோம். சிப்பைப் பலகையோடு ஒட்டவைக்கும் சால்டர் (ஈயப் பற்று) விரிசல் விட்டிருந்தால், குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடி, சூடானதும் நின்றுபோகலாம். நிற்கவில்லை. ஃபேனிலும் உரசல் சத்தம் இல்லை. விண்டோஸின் பிழைப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் வன்பொருள் பிழை எதுவும் பதிவாகவில்லை.

மார்ச் 15, சனி

197ஆம் வரி இப்போது 24. (கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இதை 16 அடிமான எண்ணில் 18 என்று காட்டும். 10 அடிமானத்துக்கு மாற்றிவிட்டுத்தான் படிக்க வேண்டும்.) ஒரு வாரம் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமலிருந்தும் எண் ஏறியிருக்கிறது. "இன்னும் ஓடுதே அண்ணா" என்றாள். ஓடட்டும், ஆனால் இனி அதை நம்ப முடியாது. கழற்றிவிட்டு அந்த இடத்தில் எஸ்எஸ்டி போட முடிவு செய்தோம்.

பின்மூடியைத் திறக்கும்போது பேட்டரியையும் நேரில் பார்த்துவிடலாம். முதல் வேலையாக அதன் இணைப்பைக் கழற்ற வேண்டும். கீலைப் பிடித்திருக்கும் திருகுகளின் அடிப்பிளாஸ்டிக் உடைந்திருந்தால், புது கேபிள் போட்டாலும் அதுவும் நசுங்கும். அதனால் கீலைச் சரிசெய்த பிறகே கேபிள்.